ஆடிக் காற்று விமானத்திற்கு உதவுமா?

ஆடி மாதம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நிற்கிறீர்கள். மேற்கிலிருந்து வீசும் காற்று தோளில் கிடக்கும் துண்டைப் பறிக்கப் பார்க்கிறது. அன்றிரவு உங்கள் அண்ணன் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார். சிங்கப்பூர் கிழக்கே உள்ளது. காற்றும் கிழக்கு நோக்கியே வீசுகிறது. ஆகவே விமானம் விரைவாகப் போய்ச் சேரும் என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது!

முதலில் தொலைவைக் கணக்கிடுவோம். ஓர் உலக உருண்டையில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுவே மிகக் குறுகிய வழி. இவ்வழி பூமியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 26.8 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம், தொலைவு ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர் ஆகும்.

விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது தரையைப் பொறுத்த வேகமன்று. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். காவிரியில் ஓடம் விடுபவருக்கு இது எளிதில் விளங்கும். நீரோட்டத்தோடு போனால் விரைவு. எதிர்த்துப் போனால் தாமதம். காற்று இல்லாவிடில் பயணம் மூன்றரை மணி நேரம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 14 நிமிடம். எதிர்த்து வீசினால் 3 மணி 49 நிமிடம்.

ஆடியில் அண்ணனின் விமானத்திற்கு வாய்ப்பது எதிர்க்காற்றே. ஏன்? விமானம் பறப்பது சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே அம்மாதத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகிறது!

கோடையில் ஆசிய நிலப்பரப்பும் திபெத்திய பீடபூமியும் சூடேறுகின்றன. சூடான காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கீழே வடக்கு நோக்கிப் பாய்கிறது. மேலே குவிந்த காற்று தெற்கு நோக்கித் திரும்புகிறது. பூமியின் சுழற்சியால் வட கோளத்தில் ஓடும் காற்று தன் வலப்பக்கம் விலகும். வடக்கே போகும் காற்றுக்கு வலப்பக்கம் கிழக்கு. தெற்கே போகும் காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு. ஆகவேதான் கீழே மேல்காற்றும், மேலே கீழ்காற்றும்! மேலே வீசும் இந்தக் கீழ்த்திசை ஜெட் காற்றைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் ஆவார்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் கூடுதல் நேரத்தையும் சேர்த்துப் பயணம் 4 மணி நேரம் என்று கொள்வோம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்ட அண்ணன் இறங்கும்போது சிங்கப்பூர்க் கடிகாரம் காலை 6.30 காட்டும். பயணம் ஆறரை மணி நேரம் என்று மலைக்க வேண்டாம். அந்நாட்டு நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது.

அப்படியானால், 4 மணி நேரத் திரும்பு பயணம் இரு ஊர்க் கடிகாரங்களின்படி எவ்வளவு நேரமாகத் தோன்றும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி என்று விடை வந்தால் உங்கள் கணக்கு சரி.