உறைந்த மண்ணில் ஓடும் ரயில்

உலை தளதளவென்று கொதிக்கிறது. அரிசி போட்டு வெகு நேரமாயிற்று. சோறு மட்டும் வேகக் காணோம்! திபெத் பீடபூமியின் உச்சியில் நீங்கள் அடுப்பு மூட்டினால் இதுதான் கதி. 16,000 அடிக்கு மேல் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் இருந்தால் பிழைத்தீர்கள்!

அப்பேர்ப்பட்ட உயரத்தில் ரயில் ஓடுகிறது என்றால் ஆச்சரியந்தானே? கோல்முட் நகரிலிருந்து லாசா வரை 1,142 கிலோ மீட்டர் பாதை. 2001-ல் வேலை தொடங்கி, 2006 ஜூலை முதல் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. தங்குலா கணவாயில் பாதையின் உயரம் 5,072 மீட்டர். அதாவது 16,640 அடி!

மலையை விட மண்தான் அதிகத் தொல்லை கொடுத்தது. சுமார் 550 கிலோ மீட்டர் தூரத்துக்கு, பூமிக்கு அடியில் ஆண்டு முழுவதும் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அது உருகினால் தண்டவாளம் அமிழும். மறுபடி உறைந்து உப்பினால் மேலே தூக்கும். ரயில் என்ன ஆவது?

இதற்கு என்ஜினீயர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? ஆபத்தான இடங்களில் பாதையோரம் இரும்புக் குழாய்களை நட்டார்கள். உள்ளே இருப்பது அம்மோனியா. குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது ஆவியாகி மேலே ஏறும். அங்கே குளிர்காற்றில் திரவமாகிக் கீழே வழியும். இப்படியே மண்ணை மேலும் மேலும் குளிர வைக்கும். கோடை வந்தால் தானே ஓய்ந்துவிடும். குழாய் வழியே வெளிச்சூடு கீழே இறங்காது. மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்!

மண்ணை நம்பவே முடியாத இடங்களில் நீண்ட பாலங்கள் கட்டினார்கள். திபெத்திய மான்கள் கூட்டமாகக் கடந்து செல்லவும் வழி விட்டிருக்கிறார்கள்.

பிரயாணிகளின் பாடு? அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிப் பிராணவாயுதான் இருக்கும். தலைவலிக்கும், வாந்தி வரும். ஆகவே பெட்டிகளுக்குள் பிராணவாயுவைக் கலந்து விடுகிறார்கள். அதுவும் போதாதவர்கள் இருக்கைக்கு அருகிலேயே குழாய் மாட்டிச் சுவாசிக்கலாம்.

ஆனால் கவலை தீர்ந்துவிடவில்லை. உலகம் நாளுக்கு நாள் சூடேறி வருகிறது, அந்தப் பீடபூமியும்தான். இத்தனை பாடுபட்டு உறைய வைத்த மண், வருங்காலத்தில் இளகாமல் இருக்க வேண்டுமே! அங்கே ரயில் விடுவது ஒரு முறை செய்து முடித்த காரியமல்ல. ஒவ்வொரு கோடையிலும் மண்ணோடு நடத்த வேண்டிய போராட்டம் அது.