மாடு முட்டிய வயிற்றைத் தடவாதீர்கள்

இயற்கை வேளாண்மைக்கு வருகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது ஒரு நாட்டு மாடு. மாடு என்றால் சில நேரம் முட்டும், உதைக்கும். கொம்பு குத்தி ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ரத்தம் வராவிட்டால் "ஊமைக்காயந்தான், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே குடல் கிழிந்திருக்கலாம்.

அது எப்படி? வயிற்றின் முன்பக்கம் எலும்பு கிடையாது, பின்பக்கம் முதுகெலும்பு இருக்கிறது. முன்னால் விழுகிற அடியில் குடல் இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறது. தண்ணீர் போகிற ஓஸ் குழாய் இரண்டு இடத்தில் மடங்கியிருக்கும்போது நடுவில் மிதித்தால் வெடிக்கும் அல்லவா, குடலும் அப்படி வெடிக்கலாம். மூன்றாவதாக, குடலைத் தாங்கியிருக்கும் சவ்வு கிழியலாம். அதில்தான் குடலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அவை அறுந்தால் ரத்தம் உள்ளேயே கசியும். ரத்த ஓட்டம் இல்லாத குடல் அழுகி, சில நாள் கழித்துக்கூட ஓட்டையாகும்.

மாடு மட்டுமல்ல. மரத்திலிருந்து விழுதல், டிராக்டர் ஸ்டியரிங் இடித்தல், சைக்கிள் ஹேண்டில்பார் பிள்ளைகள் வயிற்றில் குத்துதல் எல்லாமே இதைச் செய்யும்.

முதல் சில மணி நேரம் வலி குறைவாக இருக்கலாம். சிறுகுடலில் இருப்பது கசிந்து வயிறு முழுக்கப் பரவிச் சீழ் பிடிக்க நேரமாகும். ஆள் எழுந்து நடப்பார், "ஒண்ணுமில்ல" என்பார். பிறகுதான் வலி ஏறும். வயிறு பலகை மாதிரி இறுகும், அல்லது உப்பும். வாந்தி, காய்ச்சல், வேகமான நாடி, வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, சிறுநீரில் ரத்தம், தோள்பட்டை வலி ஆகியவையும் எச்சரிக்கைகளே. இவை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயிற்றில் பலமான அடி என்றாலே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 8 மருத்துவ மையங்களில், அடிபட்டுச் சிறுகுடல் கிழிந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 8 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் 100க்குச் சுமார் 2 பேர் இறந்தார்கள். 24 மணி நேரம் தாண்டியவர்களில் 100க்குச் சுமார் 31 பேர் இறந்தார்கள்.

இந்த நேரத்தை நாம் எதில் கழிக்கிறோம்? "குடல் ஏறிருச்சு" என்று விளக்கெண்ணெய் போட்டுத் தடவுவதில். நாட்டு வைத்தியத்தை மதிக்கிறவர்கள்தான் நாம். ஆனால் அடிபட்ட வயிற்றை அமுக்கித் தடவினால் கிழிசல் பெரிதாகும், ரத்தக்கசிவு கூடும். பேதிக்கும் கொடுக்கக் கூடாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தால் அறிகுறி மறைந்து ஏமாந்துபோவோம். மோர், நீராகாரம், இளநீர் எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதே நல்லது.

அடிபட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிவைத்தால் வயிறு தளரும். மரத்திலிருந்து விழுந்தவர் என்றால் முதுகெலும்பும் முறிந்திருக்கலாம், காலை மடக்காமல், ஆளைப் புரட்டாமல் வைத்திருங்கள். 108ஐ அழையுங்கள். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக்காரர்களுக்குச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அனுப்பினால், "காலையில போவோம்" என்று தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

டாக்டரிடம் "வயித்துவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது முட்டியது, எத்தனை மணிக்கு, வயிற்றில் எந்த இடம் என்று சொல்லுங்கள். முதல் ஸ்கேனில் குடல் ஓட்டை தெரியாமலும் போகலாம். அதனால்தான் ஒரு நாள் வைத்து, திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று நாமாகக் கிளம்பி வரக்கூடாது.

கிழிந்த குடலைத் தைக்க முடியும். கெட்டுப்போன பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, இரு முனைகளையும் இணைக்கவும் முடியும். நேரத்தோடு போனவர் மறுபடி ஏர் பிடிக்கலாம்.

கன்று போட்ட மாட்டுக்கு முன்னால் குனிந்து நிற்காதீர்கள். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் சைக்கிள் ஹேண்டில்பாரில் ரப்பர் கழன்றிருந்தால் இன்றைக்கே மாட்டுங்கள்.