வைக்கோலோடு வயலை விட்டுப் போகும் பொட்டாஷ்

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பகுதி வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் இறங்கிவிடுகின்றன. உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றினால் கையில் உடனே பணம். அந்த லாரியில் வைக்கோலோடு வயலின் சாம்பல் சத்தும் சேர்ந்து போவதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை.

நெற்பயிர் எடுக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பங்கு நெல்மணிக்குப் போய்விடும். சாம்பல் சத்து அப்படியல்ல. ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே நிற்கும். ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ சாம்பல் சத்து இருக்கிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருப்பதோ 30 கிலோ. அதாவது ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் விற்றால் ஒரு மூட்டை பொட்டாஷை விற்றதாக அர்த்தம். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 20 கிலோ சாம்பல் சத்து, அதாவது 33 கிலோ பொட்டாஷ் உரம்தான். அதை முழுதாக இட்டவருக்கே துண்டு விழுகிறது. இடாதவர் நிலத்தின் கையிருப்பைத்தான் கரைக்கிறார்.

இடாமல் விடுவதற்கும் காரணம் இருக்கிறது. பொட்டாஷ் முழுக்க இறக்குமதிச் சரக்கு. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 2010க்கு முன் 225 ரூபாய்க்குள் கிடைத்த மூட்டை, 2022ல் 1,700 ரூபாயைத் தொட்டது. யூரியா விலை மட்டும் அசையவில்லை. மலிவானதை அள்ளிப் போட்டு, விலை கூடியதைத் தள்ளி வைப்பது இயல்புதான். ஆனால் யூரியா மட்டும் தின்ற பயிர் தளதளவென்று வளர்ந்து, கதிர் முற்றும்போது காற்றில் சாயும்.

அடுத்து வரும் உளுந்தின் பாடு

புதுக்கோட்டையில் இந்தக் குறை நெல்லோடு நிற்பதில்லை. சம்பாவுக்குப் பின் பல வயல்களில் தரிசு உளுந்து வருகிறது. மெழுகுப் பதத்தில் நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுவதால் உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் நல்ல ரகமே ஆனாலும், முந்தைய நெல் விட்டுவைத்ததைத்தான் அது தின்ன வேண்டும். நெல்லுக்கு இட்டதே உளுந்துக்கும் போதும் என்பது வைக்கோல் வயலில் தங்கினால் சரி. விற்றுவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது.

ஆலங்குடி, வம்பன் பக்கத்துச் செம்மண்ணில் நிலைமை இன்னும் மோசம். அந்த மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு; மொத்தமாகக் கொட்டும் பொட்டாஷ் தண்ணீரோடு இறங்கிவிடும். எனவே அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் தருணம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஏக்கருக்குச் சுமார் 8 கிலோ உரம் இடுவது நல்லது. கால்வாய்ப் பாசனக் களிமண்ணில் இருப்பு கூடுதல். அங்கே இரண்டு தடவையாக இட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

பற்றாக்குறை முதலில் அடி இலையில்தான் தெரியும். நுனியும் ஓரமும் மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது போலக் காயும். மக்காச்சோளத்தில் இதை எளிதாகப் பிரித்தறியலாம்: தழைச்சத்துக் குறை என்றால் நடு நரம்பை ஒட்டி மஞ்சளாகும், சாம்பல் சத்துக் குறை என்றால் ஓரம் கருகும், கதிரின் நுனியில் மணி பிடிக்காது.

வைக்கோலை விற்கவே கூடாது என்று சொல்ல முடியாது. முடிந்தவர்கள் தாளைச் சற்று உயரமாக விட்டு அறுக்கலாம். மாட்டுக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தின்ற வைக்கோலின் சாம்பல் சத்தில் பெரும்பகுதி சாணத்தில் அல்ல, மூத்திரத்தில்தான் வெளியேறுகிறது. கொட்டகைத் தரை மண்ணையும் நனைந்த கழிவையும் குப்பைக்குழியில் சேர்த்தால் அது வயலுக்குத் திரும்பும். கண்மாய் வண்டலும் கைகொடுக்கும். அடுப்புச் சாம்பலைச் செம்மண்ணில் தூவலாம், யூரியா, டி.ஏ.பி.யுடன் மட்டும் கலக்கக் கூடாது, தழைச்சத்து ஆவியாகிவிடும். கடைகளில் சிவப்பா வெள்ளையா என்ற வாதம் வீண். நிறம்தான் வேறு, சத்து ஒன்றே. மணமேல்குடி கடலோர உவர் நிலத்தில் குளோரைடு இல்லாத சல்பேட் ஆப் பொட்டாஷ் ஏற்றது, விலைதான் அதிகம்.

எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனையே சொல்லும். ஏக்கருக்கு 48 கிலோவுக்குக் கீழே கிடைக்கும் சாம்பல் சத்து இருந்தால் குறைவு, 113க்கு மேல் அதிகம். மாவட்டத்தின் மண் பரிசோதனை நிலையம் குடுமியான்மலையில் உள்ளது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டி, கலந்து, அரை கிலோ எடுத்தால் போதும். உளுந்து பிடுங்கிய பின், அடுத்த சாகுபடிக்கு எரு அடிப்பதற்கு முன் எடுப்பது சரியான நேரம்.