பல் துலக்கும்போது ரத்தம் வருதா? பிரஷை மாத்தினா போதும்னு நினைக்காதீங்க!

காலையில் வாய் கொப்பளித்துத் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாக ஒரு சிவப்புக் கோடு. "பிரஷ் ரஃப்பா இருக்கு போல" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அடுத்த நாள் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் துலக்குவோம். சிக்கல் பெரிதாவது அங்கேதான். ரத்தம் வரும் இடம்தான் சரியாகச் சுத்தமாகாத இடம். அதையே தேய்க்காமல் விட்டால் எப்படிச் சரியாகும்?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஏதாவது வந்தால் அதுதான் 'பிளேக்'. முழுக்க முழுக்க பாக்டீரியா படலம். தினமும் எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து அது கல் மாதிரி இறுகிவிடும். இதைத்தான் காரை என்கிறோம். காரையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. பாக்டீரியாவை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டாலே கசிகிறது.

12 பேர் பல் துலக்காமல் இருந்தபோது...

டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் குழு 1965-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடியும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் வீக்கம் தானாகவே மறைந்தது. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது.

முதல் கட்டமான 'ஜிஞ்சிவைட்டிஸ்' அப்படித்தான், முழுசா சரியாகிவிடும். அடுத்த கட்டமான 'பெரியோடான்டைட்டிஸ்' வேற கதை. அழற்சி உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. சிகிச்சையால் அதற்கு மேல் கரையாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தீவிர ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

"வலிக்கலையே, அப்புறம் என்ன?"

சொத்தைப் பல் வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால் வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். ஈறு கீழே இறங்கி பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது, முன்பு இல்லாத இடைவெளி, எவ்வளவு துலக்கியும் போகாத வாய் நாற்றம், ஈறை அழுத்தினால் சீழ், முறுக்கு கடிக்கும்போது பல் லேசாக ஆடுவது. கடைசி இரண்டும் வந்துவிட்டால் நாள் கடத்தவே கூடாது.

பல் மருத்துவர் மெல்லிய அளவுக்கம்பியால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள ஆழத்தைப் பார்ப்பார். 3 மி.மீ. வரை இயல்பு. அதைத் தாண்டினால் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் நிலையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிச்சதில்லையே!

இந்தக் கேள்வி வராத வீடு இருக்காது (எங்கள் வீட்டிலும் உண்டு). இதற்குப் பதில் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது. அதே லோ குழு, பல் துலக்கும் வழக்கமோ சிகிச்சை வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தது. எல்லோருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் சுமார் 11 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் நோய் போகவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 8 சதவீதம் பேருக்கு மிக வேகமாக முற்றி, பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அதில்தான் இருக்கிறீர்கள் என்று யார் சொன்னது?

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தமே வராது. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சிட்டிருக்கும்போதே உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். சில வலிப்பு நோய் மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் ஈறைத் தடிக்க வைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

க்ளீன் பண்ணினா பல் ஆடுமா?

ஆடாது. பல வருஷமாகச் சேர்ந்த காரை, பற்களின் இடைவெளியை அடைத்துச் சிமென்ட் மாதிரி நிற்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே ஈறு இறங்கிய இடம் வெளியே தெரிகிறது. அதனால்தான் 'டாக்டர் இடைவெளி பண்ணிட்டார்' என்று தோன்றுகிறது. சில நாள் பல் கூசுவது சகஜம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மெல்லிய இழை கொண்ட பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்வாக வைத்து, 2 நிமிடம், அழுத்தாமல். காலையைவிட ராத்திரி துலக்குவதை விடவே கூடாது. பல்லிடுக்கில் பிரஷ் போகாது, அதற்கு ஃபிளாஸ் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ வேண்டும். குண்டூசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். செங்கல் பொடி, கரி, சாம்பல் பல்லைத் தேய்த்துவிடும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்லதுதான், ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும்.

ஒழுங்காகத் துலக்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் ரத்தம் வரலாம், நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படியாகாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். ஈறோடு சேர்ந்து மூக்கிலும் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல் என்று வந்தால் அது பல் பிரச்சினை மட்டும் இல்லை. அன்றைக்கே பொது மருத்துவரிடம் போக வேண்டும்.