மருந்துச் சீட்டில் ஓவியம்! தெரியுமா உங்களுக்கு?

ஓவியம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வசதியானவர் வீட்டு வரவேற்பறைச் சுவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், வதைமுகாமிலும், மனநல விடுதியிலும் அது செய்திருக்கும் வேலையைக் கேட்டால் மெய் சிலிர்த்துப்போவீர்கள்!

1. டாக்டர் சீட்டு எழுதுகிறார்... மியூசியத்துக்கு!

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2018 நவம்பரில் ஓர் அதிசயத் திட்டம் தொடங்கியது. ஊரின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வரும்படி டாக்டர்களே நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்! ஒரு டாக்டர் 50 சீட்டுகள் வரை எழுத முடிந்தது. சீட்டைக் காட்டிய நோயாளியிடமும், துணைக்கு வந்தவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. வழக்கமான சிகிச்சையை நிறுத்தாமல், அதற்குத் துணையாகத்தான் இந்த 'மருந்து'!

2. நோயாளியின் புண்கள் இயேசுவின் உடலில்!

500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. பெயர் 'அந்தோணியார் நெருப்பு'. ரை என்ற தானியத்தில் படரும் பூஞ்சைதான் காரணம். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களின் கைகால்கள் நெருப்பாய் எரியும், கறுத்து அழுகும். இந்த நோயாளிகளைக் கவனித்துவந்த ஈசன்ஹைம் மடத்துக்காக மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512 முதல் 1516 வரை ஒரு பீட ஓவியம் தீட்டினார். சிலுவையில் தொங்கும் இயேசுவின் மேனியெங்கும் புண்கள்! எதிரே நின்று பார்த்த நோயாளிக்கு, 'என் வலி இவருக்கும் தெரியும்' என்று தோன்றியிருக்காதா? பிரான்சின் கோல்மார் நகரில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

3. படுக்கையிலிருந்து எழ முடியாதவர் சுவரில் வரைந்தார்!

ஹென்றி மத்தீஸ் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. குடல்வால் நோயால் படுத்துக் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று அம்மா ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். உலகுக்கு ஒரு மாபெரும் ஓவியர் கிடைத்தது அப்படித்தான்! 1941இல் அவருக்குக் குடல் புற்றுநோய் அறுவை. பிறகு சக்கர நாற்காலி, படுக்கை. சோர்ந்தாரா? வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஓவியமாக்கினார். நீண்ட கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, படுத்தபடியே சுவரில் வரைந்தார்!

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோவுக்கோ 18 வயதில் பஸ் விபத்து. உடம்பெல்லாம் முறிவு. படுத்துக்கொண்டே வரைய ஒரு தாங்கியும், மேலே ஒரு கண்ணாடியும் அமைத்துத் தந்தது குடும்பம். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே அவர் வரையத் தொடங்கினார்!

4. 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்தவரே ஒரு நோயாளி!

1938இல் காசநோய் விடுதியில் சேர்ந்தார் ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில். அந்தக் காலத்தில் அதற்குச் சிகிச்சையே மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார், மனம் தேறியது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களும் வரைந்தார்கள். 1942இல் அவர் வைத்த பெயர்தான் இன்று உலகம் முழுக்க வழங்குகிறது!

5. மின்அதிர்ச்சிப் பொத்தானை அழுத்த மறுத்த டாக்டர்!

பிரேசிலின் நீசி ட சில்வேராவுக்கு மனநோயாளிகளை மின்அதிர்ச்சியால் துடிக்க வைப்பதில் உடன்பாடில்லை. 'மாட்டேன்' என்றவரை, யாரும் மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். 1946இல் அங்கே நோயாளிகளின் கையில் தூரிகை கொடுத்தார். வாய் பேசாதவர்களின் மனம் வண்ணத்தில் பேசியது! அந்தப் படங்களுக்காகவே 1952இல் ரியோ நகரில் ஒரு அருங்காட்சியகம் பிறந்தது. இன்று அங்கே 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள்!

6. இரண்டு சூட்கேஸ்களில் 4,500 படங்கள்!

இதைப் படிக்கும்போது கண் கலங்கும். நாஜிகளின் தெரேசின் முகாமுக்கு 1942இல் கொண்டுபோகப்பட்டார் ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். பசியும் பயமும் சூழ்ந்த அந்த இடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வரையக் கற்றுக்கொடுத்தார். பூ, பட்டாம்பூச்சி, விட்டுவந்த வீடு... பிள்ளைகள் வரைந்தார்கள். வரைந்தவர் பெயர் படத்தில் இருக்க வேண்டும் என்பார். எண்ணாகிப்போன பிள்ளைக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கும் வைத்தியம் அது! 1944 அக்டோபரில் அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் திரும்பவில்லை. இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் மட்டும் பிழைத்தன. அவருடைய மாணவி ஈடித் கிராமர் அமெரிக்கா சென்று, அங்கே கலைச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார்!

7. மட்டக்களப்பிலும் ஒரு வண்ணத்துப்பூச்சி!

இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் சிறுவர்களுக்காகத் திறந்தது வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். பெரியவர்களின் சண்டை தந்த காயத்துக்குப் பிள்ளைகள் கையாலேயே மருந்து!

8. 'எனக்கு வரைய வராதே' என்கிறீர்களா?

உங்களுக்காகத்தான் இந்தக் கடைசிச் செய்தி! அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை உட்கார வைத்து, களிமண், வண்ணப் பேனா, ஒட்டுவதற்குக் காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சில் பரிசோதனை. முடிவு 2016இல் வெளிவந்தது. சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன இறுக்கத்தின் அடையாளமான கார்ட்டிசால் குறைந்திருந்தது! கைதேர்ந்தவருக்கும் கத்துக்குட்டிக்கும் இதில் வித்தியாசமே இல்லை!

ஹில்லின் பக்கத்துக் கட்டில்காரர்களும், தெரேசின் பிள்ளைகளும், மட்டக்களப்புச் சிறுவர்களும் ஓவியர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு தாளும், 'வரை' என்று சொல்ல ஒருவரும்தான். உங்கள் வீட்டிலும் நோயில் படுத்திருக்கும் பெரியவரோ, பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளையோ இருக்கலாம். அவர்கள் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூட உட்காருங்கள்!