பிஎச்.டி. சேரும் முன் வீட்டில் பேச வேண்டியவை

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, மேலூர் பக்கத்து பாய் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், மக எம்.ஏ. முடிச்சிட்டா. பிஎச்.டி. சேரணும்ங்கிறா. எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் நான்தான் செலவு பண்ணணுமா?"

நியாயமான கேள்வி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று பல வீடுகளில் எழும் கேள்வியும்கூட.

முதலில் காலம். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகள் வரை. பெண்களுக்குக் கூடுதல் கால நீட்டிப்பும், மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. ஆகவே, "கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும்" என்று அஞ்சத் தேவையில்லை. அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் போதும்.

அடுத்து பணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30; பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைக்காத சிறுபான்மை மாணவர்களுக்கு 2009 முதல் மௌலானா ஆசாத் உதவித்தொகை கைகொடுத்தது. 2022-23 முதல் ஒன்றிய அரசு அதைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. இப்போது உதவித்தொகை இல்லாமல் சேரும் பிள்ளையின் சுமை முழுவதும் அத்தாவின் தலையில்தான்.

வேலை உறுதியா? இல்லை. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி; பிஎச்.டி. கட்டாயமில்லை. இன்னொரு சிரமமும் உண்டு. நெறியாளர் ஒருவரையே பல ஆண்டுகள் சார்ந்திருக்க வேண்டும். அவர் கீழ் ஏற்கெனவே படிப்பவர்களிடம் விசாரிக்காமல் சேரக்கூடாது.

பிறகு எதற்காக இந்தப் பாடு? மர்ஹூம் ம.மு. உவைஸ் அவர்களை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்தபோது, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பை ஆய்வு செய்தார். 1953இல் அது ஆங்கில நூலாக வந்தது. பின்னாளில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். மாணவப் பருவத்தில் எடுத்த ஒரு தலைப்பு, ஒரு சமுதாயத்தின் நினைவையே காத்தது. இன்றும் நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றைப் படித்துப் பதிவு செய்ய ஆய்வாளர்கள் வேண்டும்.

பாயிடம் நான் சொன்னது இதுதான்: "மகள் ஓராண்டு நெட் தேர்வுக்குப் படிக்கட்டும். ஜே.ஆர்.எஃப். வந்தால் தயங்காமல் சேருங்கள். வராவிட்டால், எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்று மகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவளுக்குத் தெரியாமல் நீங்களே முடிவெடுக்காதீர்கள்."

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஊருக்கு ஓர் ஆய்வு மாணவருக்காவது மாதந்தோறும் உதவ முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.