வீட்டில் நொதித்த இஞ்சிப் பானம்: யாருக்கு ஆகாது?

வீட்டில் புளிக்கவைத்த இஞ்சிப் பானத்தை நோயாளிக்குக் கொடுக்கலாமா எனப் பராமரிப்பாளர் சிலர் கேட்டனர். ஆகவே, சென்ற வார இறுதியில் உணவியல் பிரிவினராகிய நாங்களே அதனைச் செய்து பார்த்தோம்.

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியபின் ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்துப் பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்தோம். ஈஸ்ட் சர்க்கரையைக் கரியமில வாயுவாகவும் மதுசாரமாகவும் மாற்றுகிறது. சனிக்கிழமை காலை அடைத்த புட்டிகள் ஞாயிறு மாலைக்குள் கல்போல் இறுகின. குளிர்பெட்டியில் வைக்க மறந்த ஒன்றைத் திறந்தபோது பாதிப் பானம் பீறிட்டு வெளியேறியது. கண்ணாடிப் புட்டியாக இருந்திருப்பின் வெடித்திருக்கவும் கூடும். குளிரும் நொதித்தலை மந்தமாக்குமேயன்றி முற்றிலும் நிறுத்தாது.

இதனினும் முதன்மையான பாடம் வேறு. மதுசாரத்தின் அளவைச் சுவையால் அறிய இயலாது. உயிருள்ள ஈஸ்டும் பானத்திலேயே தங்கிவிடுகிறது. எனவே கல்லீரல் நோயாளிகள், கருவுற்றோர், சிறுவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், மெட்ரோனிடசோல் மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவு உள்ளோர் எஞ்சியிருக்கும் சர்க்கரையையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

இஞ்சியின் சுவையை நோயாளி விரும்பினால், அப்போதே காய்ச்சிய இஞ்சி நீரைக் கொடுக்கலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். அன்போடு கொடுப்பதும் ஆராய்ந்து கொடுப்பதாக இருக்கட்டும்.